நிழலுக்கும் நிறம் உண்டு

மாலை நேரத்து நகரத்தைக் காட்டும் வண்ண ஓவியம் நம்மில் பலருக்கும் பழக்கமானது. அது திருமணப் பரிசாக வீட்டுக்கு வந்திருக்கலாம். கடையில் விலை பேசி வாங்கியதாயிருக்கலாம். தங்கும் விடுதியின் முகப்பிலோ மருத்துவர் ஒருவரின் காத்திருப்பு அறையிலோ கண்டதாயிருக்கலாம். எங்கே பார்த்தாலும் படம் ஒன்றுதான். வானம் முழுவதும் ஆரஞ்சு. ஆறு இருந்தால் ஆறும் ஆரஞ்சு. மாடங்களும் கூரைகளும் தெருவும் தெருவில் நடப்போரும் ஒரே பொற்குழம்பில் தோய்த்தெடுத்தாற்போல் மின்னுகிறார்கள். பார்ப்பவர் "எவ்வளவு அழகு!" என்கிறார். அத்துடன் அவர் கடமை முடிந்துவிடுகிறது. வரைந்தவரின் கடமையும் முடிந்துவிட்டதாகவே கொள்ளப்படுகிறது.

இந்தப் பொன்முலாம் பூச்சை நாம் எதிர்க்கிறோம். ஒருவருக்கு இனிப்பு, மற்றொருவருக்குக் காரம் என்று சுவை வேறுபாட்டின் கணக்கில் எழுதி விட்டுவிடக்கூடிய செய்தி அன்று இது. மாலை வெளிச்சத்தில் ஒரு நகரத்தை எண்ணெய் வண்ணத்தில் வரைவது, ஓவியக் கலையின் கடினமான பயிற்சிகளுள் ஒன்று. உள்ளதை உள்ளபடி காணக் கண்ணைப் பழக்கும் பயிற்சி அது. அதை மிட்டாய்க் கடைப் பண்டமாக்கிவிட்டால் கெடுவது படம் மட்டும் அன்று. நகரத்தைப் பார்க்கும் நம் கண்ணும் கெடுகிறது. இதுவே எம் வழக்கு. அதைச் சான்றுகளுடன் எடுத்துரைக்க விழைகிறோம்.

கடைசி வெயில் எவரைத் தொடுகிறது?

மாலை வெயில் நகரத்தில் என்ன செய்கிறது என்பதை முதலில் பார்ப்போம். கதிரவன் அடிவானத்தை நெருங்க நெருங்க அதன் கதிர்கள் தாழ்ந்து, தரையோடு தரையாகச் சாய்ந்து வருகின்றன. திறந்த வயல்வெளியில் அவை புல்லின் நுனிவரை தொடும். நகரத்தில் அவ்வாறன்று. முன்னே நிற்கும் கட்டடம் பின்னே இருப்பதை மறைக்கிறது. ஆகவே கடைசி வெயில் உயர்ந்தவற்றை மட்டுமே சென்று சேர்கிறது. ஆலயக் கோபுரத்தின் உச்சி, மேல்மாடியின் கைப்பிடிச் சுவர், மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி, ஆலையின் புகைபோக்கி ஆகியவையே அதைப் பெறுகின்றன. கீழ்த்தளத்துச் சன்னல்கள் வெகு நேரத்திற்கு முன்பே வெயிலை இழந்துவிட்டன. சந்துகளோ அவற்றிற்கும் முன்பே இழந்துவிட்டன. உயரத்தில் இருப்பவருக்கு ஒளி நீடிக்கிறது; தாழ்வில் இருப்பவருக்கு முதலில் இருட்டுகிறது. இது யாரோ புனைந்த உவமை அன்று. வெறும் வடிவக் கணக்கு.

இக்கணக்கின்படி, உண்மையான மாலை நகரத்தில் பொன்னிறத்துக்கு உரிய இடம் மிகச் சிறிது. கித்தானின் பெரும்பரப்பு நிழலுக்கே உரியது. எல்லாவற்றின் மீதும் பொன்னை இறைக்கும் ஓவியர், சந்துக்கு இல்லாத வெயிலைச் சந்துக்குக் கொடுத்ததாகக் கணக்கு எழுதுகிறார். கொடை போலத் தோன்றும் இச்செயல் உண்மையில் மறைப்பு. அங்கே இருட்டிவிட்டது என்பதை அவர் சொல்லாமல் விடுகிறார்.

நிழல் என்றால் கறுப்பு என்று எண்ணுவோரும் உண்டு. அவர்களும் பொன்முலாம்காரருக்கு உறவினரே. தாழ்ந்த கதிரவனின் ஒளி நெடுந்தொலைவு காற்றைக் கடந்து வருகையில் அதன் நீலப்பகுதி வழியிலேயே சிதறிப்போகிறது. எஞ்சிய செம்மஞ்சளே நேராக வந்து சுவரில் விழுகிறது. நேரொளி படாத சுவருக்கோ மேலே விரிந்துள்ள வானமே விளக்கு. வானம் நீலம், ஆகவே நிழலும் நீலம் தோய்ந்தது. மாலையில் வெண்பொருளின் மேல் விழும் நிழல் நீலமாய்த் தெரிவதை லியொனார்தோ தா வின்சி 500 ஆண்டுகளுக்கு முன்பே தம் குறிப்புகளில் எழுதிவைத்தார். அந்த நீலத்திலும் பல வகை. எதிரே வெயில் படும் செங்கற்சுவர் இருந்தால் அதன் செம்மை நிழலுக்குள் கசிகிறது. ஈரத் தரை வானத்தை ஏந்திக் காட்டுகிறது. பெட்டிக்கடையில் விளக்கு ஏற்றப்பட்டதும் அதைச் சுற்றி ஒரு மஞ்சள் வட்டம் பிறக்கிறது. வெயில் பட்ட பகுதியில் ஏறத்தாழ ஒரே நிறம். நிழலில்தான் நிறங்களின் கூட்டம். மக்களும் அங்கேதான் இருக்கிறார்கள். காய்கறி பேரம் பேசுகிறவரும், வேலை முடிந்து பேருந்துக்குக் காத்திருப்பவரும், தெருவில் பந்தாடும் சிறுவரும் மாலை வேளையில் நிழலின் குடிமக்கள். நிழலை வரையத் தெரியாதவருக்கு அவர்களை வரையத் தெரியாது.

அரை மணி நேரத்தின் நேர்மை

இவ்வுண்மையைக் கற்பிக்கப் பழைய ஆசிரியர்கள் கடுமையான விதி ஒன்றை வகுத்தார்கள். பிரஞ்சு நாட்டு நிலக்காட்சி ஓவியரான பியேர்-ஆன்ரி த வலான்சியென், 1800-இல் வெளியிட்ட தம் பாடநூலில், இயற்கையின் முன் அமர்ந்து எண்ணெய் வண்ணத்தில் தீட்டும் பயிற்சிப் படத்துக்கு 2 மணி நேரத்துக்கு மேல் செலவிடக்கூடாது என்றார். அது கதிரவன் எழும் வேளையோ விழும் வேளையோ ஆயின், அரை மணி நேரம் மட்டுமே. அதற்குமேல் தூரிகையைக் கீழே வைத்துவிட வேண்டும்.

ஏன் இந்தக் கண்டிப்பு? விரைவாக வரையும் கைத்திறனைக் காட்டுவதற்கு அன்று. அரை மணி நேரத்துக்குப் பின் எதிரே இருப்பது வேறொரு நகரம். நிழல்கள் நகர்ந்துவிட்டன, மஞ்சள் செம்மையாகி, செம்மை சாம்பலாகிவிட்டது. அதற்குமேல் தீட்டுகிறவர் கண்டதைத் தீட்டுவதில்லை; தாம் விரும்பியதைத் தீட்டுகிறார். ஞாபகம் எப்போதும் விருப்பத்தின் ஏவலாள். அது கோபுரத்தின் பொன்னை நினைவில் வைத்துக்கொள்ளும். சந்தின் நீலத்தை மறந்துவிடும். எனவே அந்த விதி கைக்கு இட்ட விதி அன்று. மனச்சான்றுக்கு இட்ட விதி.

அவ்விதியின் வழியில் வளர்ந்தவர் கமீல் கோரோ. 1826 மார்ச்சில், தம் 29-ஆம் வயதில், அவர் உரோமை நகரின் பாலத்தீன் குன்றிலிருந்த பர்னேசே தோட்டத்துக்கு நாள்தோறும் சென்றார். ஒரே தோட்டத்திலிருந்து மூன்று வேளைகளில் மூன்று காட்சிகளைத் தீட்டினார். காலையில் ஒரு பக்கம், நண்பகலில் கொலோசியம், மாலையில் பண்டைய உரோமையரின் மன்றம். காலையில் தொடங்கிய படத்தை மாலையில் தொடமாட்டார். மாலைப் படத்துக்கு மறுநாள் மாலைவரை காத்திருப்பார். ஒரு காலத்தில் பேரரசின் நெஞ்சமாயிருந்த அம்மன்றம் அந்நாளில் மாட்டுத் திடல் என்றே பெயர் பெற்றிருந்தது. பேரரசர் பெருமையை நினைந்து அதற்குப் பொன் பூசியிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். கோரோ பூசவில்லை. வானம் வெளிறித் தெளிந்திருக்கிறது; சுவர்களில் வெயில் படும் இடத்தில் மட்டும் வெம்மை; முன்னேயுள்ள மரங்கள் நிழலில் மூழ்கியிருக்கின்றன. சிறு தாளில் தீட்டிய பயிற்சிப் படம்தான் அது. ஆயினும் அதையும் கொலோசியம் படத்தையும் கோரோ வாழ்நாள் முழுதும் தம்மிடமே வைத்திருந்து, தம் நாட்டு அருங்காட்சியகத்துக்கு உயிலில் எழுதிவைத்தார். 1875-இல் அவர் மறைந்தார். இன்று அவை பாரிசின் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ளன. அரை மணி நேரத்தின் நேர்மை ஏறத்தாழ 200 ஆண்டுகள் நிலைத்திருக்கிறது.

எண்ணெய் தரும் வரமும் சோதனையும்

இப்பயிற்சிக்கு எண்ணெய் வண்ணத்தைத் தேர்ந்ததற்கும் காரணம் உண்டு. நீர் வண்ணம் நீர் ஆவியானதும் உலர்ந்துவிடும். எண்ணெய் வண்ணம் அவ்வாறு உலர்வதில்லை. அதிலுள்ள ஆளி விதை எண்ணெய் காற்றிலிருந்து உயிர்வளியை ஏற்று மெல்ல மெல்ல இறுகுகிறது. அதற்கு நாட்கள் பிடிக்கும். அதுவரை ஒரு நிறத்தின் ஓரத்தை மற்றொன்றுக்குள் இழைக்கலாம். வெயில் எங்கே முடிகிறது, நிழல் எங்கே தொடங்குகிறது என்று கூற முடியாத அந்தி விளிம்பை இவ்வளவு நுட்பமாகத் தரவல்ல ஊடகம் வேறு அரிது. இது வரம்.

சோதனையும் அதிலேயே இருக்கிறது. ஈரமாயிருக்கும் ஆரஞ்சைத் தூரிகையால் இழுத்துக்கொண்டே போனால் நீலமும் அதற்குள் சிக்கிக் கலங்கிப்போகும். கலங்கலை மறைக்க மேலும் மஞ்சள். மஞ்சளைத் தூக்கிக் காட்ட மேலும் ஆரஞ்சு. பொன்முலாம் படங்கள் பலவும் இவ்வாறே பிறக்கின்றன. போதாக்குறைக்கு, வண்ணத்தட்டின் மீதும் அதே மாலை வெயில்தான் விழுகிறது. அங்கே சரியெனத் தோன்றிய கலவை வீட்டு விளக்கின்கீழ் வேறாகத் தெரியும். ஒளி மங்க மங்கக் கண்ணும் மாறுகிறது. சிவப்பு முதலில் இருண்டுபோகும்; நீலம் பிந்தி நிற்கும். இத்தனைக்கும் ஈடுகொடுத்து, இது வெயில், இது நிழல் என்று பிரித்துக் காட்டுவதே திறம்.

நிழலைச் சோம்பலாகக் கையாண்டவர்களுக்குக் கலை வரலாறு ஒரு தண்டனையையும் பதிவு செய்து வைத்துள்ளது. 19-ஆம் நூற்றாண்டில் ஓவியர் பலர் நிழல்களுக்குக் கீல் போன்ற ஒரு கரும்பழுப்புப் பொருளைப் பயன்படுத்தினர். பூசியவுடன் அது ஆழமாகவும் செழுமையாகவும் தோன்றும். நிழலின் நிறங்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஆயின் அப்பொருள் என்றுமே முழுமையாக உலர்வதில்லை. ஆண்டுகள் செல்லச் செல்லச் சுருங்கி, முதலையின் தோல்போல் வெடித்து, அருகிலிருந்த நல்ல வண்ணங்களையும் இழுத்துச் சிதைத்தது. நிழலைப் பார்க்க மறுத்த படங்கள் நிழலிலிருந்தே அழியத் தொடங்கின. இதைவிடத் தெளிவான பாடம் வேண்டுமோ?

எதிர்வாதங்கள் இரண்டு

எம் வழக்குக்கு மறுப்பு உரைப்போர் உண்டு. முதல் மறுப்பு இது: "நாள் முழுதும் உழைத்துக் களைத்து வீடு திரும்புகிறோம். சுவரிலும் சந்தின் இருட்டைத்தான் பார்க்க வேண்டுமா? கண்ணுக்குக் குளிர்ச்சியாக ஒரு பொன்மாலை இருந்தால் யாருக்கு என்ன நட்டம்?"

இம்மறுப்பில் ஒரு தவறான எண்ணம் மறைந்திருக்கிறது. நிழலை வரைந்தால் படம் சோகமாகிவிடும் என்பதே அது. கமீல் பிசாரோவின் படங்களைப் பார்த்தவர் அவ்வாறு சொல்லமாட்டார். கண் நோயால் வெளியில் நின்று வரைவது இயலாமற்போக, அவர் விடுதி அறைகளின் சன்னல்களிலிருந்து நகரத்தை வரையலானார். 1897-இன் முதல் மாதங்களில் பாரிசில் விடுதி ஒன்றில் தங்கி, கீழே நீண்டு செல்லும் மோன்மார்த் பெருந்தெருவை 14 முறை வரைந்தார். காலை, மழை, பனி, தவக்காலத்துக்கு முந்திய களியாட்ட நாளின் அந்தி, விளக்கேற்றிய இரவு எனத் தெரு ஒன்றே பதினான்காயிற்று. சாம்பலும் ஊதாவும் வெளிறிய நீலமும் அத்தெருவில் எவ்வளவு உயிரோடு இயங்குகின்றன! கீழே செல்லும் மனிதர் ஒவ்வொருவருக்கும் தூரிகையின் ஒரு தொடுகையையாவது அவர் கொடுத்திருக்கிறார். கூட்டத்தைக் கறையாக்கித் துடைத்துவிடவில்லை. அத்தொடரின் இரவுப் படம் அவர் வாழ்நாளில் காட்சிக்கு வைக்கப்படவே இல்லை. இன்று அது லண்டன் தேசியக் கலைக்கூடத்தின் செல்வங்களுள் ஒன்று. நிழலில் அழகு இல்லை என்பவர் நிழலைப் பார்க்காதவர். களைத்துத் திரும்புகிற மனிதருக்கு வேண்டுவது ஆறுதல்தான். ஆனால் தாம் நடந்துவந்த தெருவை மறக்கச் செய்வதைவிட, அதே தெருவில் தாம் காணாத அழகைக் காட்டுவதே பெரிய ஆறுதல்.

இரண்டாம் மறுப்பு, கருவியை நம்புவோருடையது. "கையில் செல்பேசி இருக்கிறது. நொடியில் அந்தி பதிவாகிறது. அரை மணி நேரத் தவம் இன்று எதற்கு?" ஒளிப்படக் கருவியை நாம் பழிக்கவில்லை. அதன் இயல்பை மட்டும் சொல்கிறோம். மாலையில் வானத்துக்கும் சந்துக்கும் இடையே ஒளியின் வேறுபாடு மிகப் பெரிது. வானத்துக்கு ஏற்ப அளவு வைத்தால் சந்து கரியாகிவிடும். சந்துக்கு ஏற்ப வைத்தால் வானம் வெளுத்துவிடும். இன்றைய செல்பேசிகள் பல பதிவுகளை ஒன்றாக இணைத்து இக்குறையை ஓரளவு ஈடுசெய்கின்றன. ஆயின் எந்த இடத்தை எவ்வளவு வெளிச்சமாக்குவது என்ற தீர்ப்பைப் பெரும்பாலும் கருவியே வழங்கிவிடுகிறது. மனிதக் கண்ணோ கோபுரத்தைப் பார்த்துவிட்டுச் சந்துக்குத் திரும்புகையில் தன்னைத் தானே பழக்கிக்கொண்டு, இருட்டுக்குள் இருப்பவரை ஒவ்வொருவராய்க் கண்டுகொள்கிறது. அதற்குச் சற்று நேரம் வேண்டும். அந்த நேரத்தைக் கொடுப்பவரே ஓவியர். ஒளிப்படத்தைப் பார்த்து நகலெடுக்கும் கடை ஓவியரோ, கருவியின் கரிய நிழலை அப்படியே படி எடுத்து, அதன் மேல் தம் பங்குக்குப் பொன்னையும் பூசுகிறார். இரு தவறுகள் சேர்ந்து ஒரு படமாகின்றன.

லண்டன் புகையும் ஒரு வினாவும்

எம்மை நோக்கி எழக்கூடிய மூன்றாம் வினாதான் மிகக் கடினமானது. அதைத் தவிர்க்காமல் எதிர்கொள்வோம்.

குளோட் மோனே 1899-இன் இலையுதிர் காலத்திலும், 1900, 1901 ஆகிய ஆண்டுகளின் தொடக்க மாதங்களிலும் லண்டனில் தங்கி வரைந்தார். சவாய் விடுதியின் சன்னலிலிருந்து தேம்சு ஆற்றின் பாலங்கள். பிற்பகலிலும் மாலையிலும் ஆற்றின் மறுகரையிலிருந்த செயின்ட் தாமஸ் மருத்துவமனையிலிருந்து, மறையும் கதிரவனைப் பின்னே கொண்ட நாடாளுமன்றக் கட்டடம். ஏறத்தாழ 100 கித்தான்களைத் தொடங்கினார். வெளிச்சம் மாறும்போதெல்லாம் ஒன்றை வைத்துவிட்டு மற்றொன்றை எடுப்பார். பலவற்றைத் தம் ஊரான சிவெர்னிக்குக் கொண்டுசென்று அங்கேயே முடித்தார். 1904-இல் பாரிசில் 37 படங்கள் காட்சிக்கு வந்தன. நாடாளுமன்றம் ஊதா நிழலாய்க் கரைகிறது; கதிரவன் செவ்வட்டமாய்த் தொங்குகிறது; ஆறு தீக்கங்குபோல் சிதறுகிறது. "நீங்கள் பழிக்கும் ஒருநிற மூட்டத்துக்கு இவரே முன்னோடி அல்லவா? இவரும் மனைக்குத் திரும்பி ஞாபகத்திலிருந்து தீட்டியவர்தாமே?" என்று எம்மைக் கேட்கலாம்.

அன்று என்கிறோம். மோனே தீட்டிய மூட்டம் அவர் விருப்பத்தின் பூச்சு அன்று; லண்டனின் காற்றிலேயே இருந்த பொருள். இலட்சக்கணக்கான அடுப்புகளிலும் ஆலைகளிலும் எரிந்த நிலக்கரியின் புகை ஆற்றுப் பனியோடு கலந்து நகரத்தைப் போர்த்தியிருந்தது. 2023-இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்விதழில் வெளியான ஓர் ஆய்வு, டர்னர், மோனே ஆகிய இருவரின் ஏறத்தாழ 100 ஓவியங்களை அளந்து பார்த்தது. ஆண்டுகள் செல்லச் செல்ல அவற்றில் விளிம்புகள் மழுங்கி நிறங்கள் வெளிறிச் செல்வது, அக்காலத்துக் கந்தகப் புகையின் பெருக்கத்தோடு ஒத்துப்போவதாக அது கண்டது. அதாவது, அந்தத் தூரிகை காற்றுக்குச் சான்று பகர்ந்திருக்கிறது. மோனேவுக்கும் இது தெரியும். 1900-இல் ஒரு நாள் காலை கண் விழித்தபோது மூட்டமே இல்லாததைக் கண்டு திகைத்துப்போனதாகவும், பின்னர் அடுப்புகள் மூட்டப்பட்டுப் புகை திரும்பியபோதுதான் நம்பிக்கை பிறந்ததாகவும் அவர் மனைவிக்கு எழுதினார். மனைக்குத் திரும்பி முடித்தபோதும், பல மாதங்கள் நேரில் பார்த்துச் சேர்த்த நூறு சான்றுகளை அடுக்கி வைத்தே முடித்தார். நேரில் ஒரு மாலைகூடப் பார்க்காதவரின் பூச்சோடு அதை ஒப்பிடலாகாது.

ஆயின், வழக்கு இத்துடன் முடியவில்லை. ஓவியருக்கு நம்பிக்கை தந்த அதே புகை மக்களுக்கு என்ன தந்தது? 1873 திசம்பரில் புகைப்பனி லண்டனை மூடியபோது, இஸ்லிங்டனில் கண்காட்சிக்குக் கொண்டுவரப்பட்ட கொழுத்த மாடுகள் மூச்சுத் திணறி மடிந்தன. மாடுகளின் சாவு எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. வீடுகளுக்குள் இருமி மடிந்த முதியோரின் சாவு குளிர்காலத்தின் கணக்கில் சேர்ந்தது. 1952 திசம்பர் 5 முதல் 9 வரை நீடித்த பெரும் புகைப்பனியில் ஏறத்தாழ 4,000 பேர் இறந்ததாக அன்று கணக்கிட்டனர். பிந்திய ஆய்வுகள் அதை 12,000 வரை உயர்த்தின. அதன் பிறகே, 1956-இல், தூய காற்றுச் சட்டம் பிறந்தது. மோனேவின் படங்களைக் கண்டு வியந்தோர் அரை நூற்றாண்டாக அப்படங்களில் இருந்த செய்தியைப் படிக்கவில்லை என்றே சொல்ல வேண்டும். புகை கண்ணெதிரே, சட்டமிட்டுச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. பார்த்தவர்கள் அதைப் பொன் என்றார்கள்.

மோனே புகையில் கொண்ட மகிழ்ச்சிக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. அடுப்பு மூட்டியவர் யார், அப்புகையைச் சுவாசித்தவர் யார் என்று அவர் தம் கித்தானில் கேட்கவில்லை. நாடாளுமன்றத்தின் மேல் கவிந்த அந்த அந்தியை அவர் ஒரு மருத்துவமனையிலிருந்து பார்த்தார். அம்மருத்துவமனையோ அந்தப் படங்கள் எதிலும் இல்லை. இருக்கவும் முடியாது, வரைபவர் நிற்கும் இடம் அவர் வரையும் படத்துக்குள் வராது. அந்த இடத்தைத் தேடிப் போய்க் கேட்பது பார்ப்பவரின் பங்கு. ஓவியர் உண்மையாகக் கண்டால், கேட்பதற்கு நமக்கு ஒரு வாசல் திறக்கிறது. ஓவியர் பொன் பூசிவிட்டால் அந்த வாசலும் அடைபட்டுப்போகிறது. மோனேவின் புகையிலிருந்து லண்டனின் நுரையீரலுக்கு வழி உண்டு. பொன்முலாம் படத்திலிருந்து எந்தச் சந்துக்கும் வழி இல்லை.

நாம் வேண்டுவது

எனவே நாம் மூவரிடம் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம்.

தூரிகை ஏந்துவோரிடம்: அடுத்தவர் நாட்டு அந்தியை இரவல் வாங்காதீர்கள். ஐரோப்பாவில் கதிரவன் சாய்வாக இறங்குவதால் அந்தி நீள்கிறது. நம் நகரங்களில் அது ஏறத்தாழ நேர்குத்தாக இறங்குவதால் அந்தி விரைவில் முடிந்துவிடுகிறது. வலான்சியென் கொடுத்த அரை மணி நேரமும் நமக்கு முழுதாகக் கிடைப்பதில்லை. சென்னையின் கடற்கரை கிழக்கு நோக்கியது. அங்கே கதிரவன் கடலில் மறைவதில்லை; நகரத்துக்குப் பின்னே மறைகிறது. மணலில் நின்று திரும்பிப் பார்ப்பவருக்கு நகரமே நிழல். ஆரஞ்சுக் கடலில் ஆரஞ்சுக் கதிரவன் மூழ்குவதாகச் சென்னையை வரைந்தால், அது நிறப்பிழை மட்டும் அன்று, திசைப்பிழையும் ஆகும். நிழலாய் நிற்கும் அந்நகரத்தை, அதன் ஆயிரம் நீலங்களோடு வரையுங்கள். பொன்னைக் கடைசியாக, கொஞ்சமாக, அது உண்மையில் விழுந்த இடத்தில் மட்டும் வையுங்கள். அப்போதுதான் அது பொன்னாய்த் தெரியும்.

பிள்ளைகளுக்கு ஓவியம் கற்பிப்போரிடம்: மாலை என்றால் மஞ்சள், நிழல் என்றால் கறுப்பு என்று சொல்லிக் கொடுக்காதீர்கள். ஒரு மாலை அவர்களை மாடிக்கு அழைத்துச் சென்று, எதிர்ச்சுவரின் நிழலுக்கு என்ன நிறம் என்று கேளுங்கள். விடை சொல்ல அவசரப்படுத்தாதீர்கள். பார்த்துச் சொல்லும் பழக்கம் வந்துவிட்டால், அது ஓவியத் தாளோடு நிற்காது.

படம் வாங்குவோரிடமும் பரிசளிப்போரிடமும்: ஒரு கேள்வியை மட்டும் கேளுங்கள். இந்த நகரத்தில் தாழ்ந்த வீடுகள் எங்கே? அங்கே யாராவது இருக்கிறார்களா? படத்தில் அதற்கு விடை இருந்தால் வாங்குங்கள். எல்லாமே மின்னினால், விலை எவ்வளவு மலிவாயினும் விட்டுவிடுங்கள். அது உங்கள் கண்ணை விலைக்குக் கேட்கிறது.

மாலை வெயில் எல்லாருக்கும் சமமாக விழுவதில்லை. அதை மாற்றும் ஆற்றல் ஓவியருக்கு இல்லை. ஆயின் வெயில் கைவிட்ட இடத்தைத் தூரிகையும் கைவிட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உச்சியில் ஒரு கோடு பொன் போதும். மீதியெல்லாம் நிழலுக்கு உரியது; அந்த நிழலுக்கும் நிறம் உண்டு.